மதிலுக்கு அப்பால்

'சாலை' என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. மக்கள் நடந்து செல்லும் பெருவழி சாலை. மக்கள் கூடித் தங்கும் இடமும் சாலை. பாடசாலை, வைத்தியசாலை, தருமசாலை என்று வழங்குவது இந்த இரண்டாவது பொருளில்தான். செல்பவர்களையும் தங்குபவர்களையும் ஒரே சொல்லில் நம் முன்னோர் அடக்கினர்.

திருவனந்தபுரத்தில் இச்சொல் ஓர் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. பத்மநாப சுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு வெளியே தொடங்கி, கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைத்தெரு அது. மலையாளத்தார் 'சாலா' என்பர்; தமிழர்களுக்கு அது 'சாலை'. அதை ஒட்டி வலியசாலை, ஆரியசாலை என்ற பகுதிகள் உள்ளன. முதலாம் இராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இப்பகுதியில் இருந்த கல்விச்சாலை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். அப்பெயரைத் தாங்கிய சிவாலயம் வலியசாலையில் இன்றும் உள்ளது.

சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் ராஜா கேசவதாஸ். தர்மராஜா என்று போற்றப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா மகாராஜாவின் திவானாக விளங்கியவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலைநகரத்திற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வணிகர்களை வரவழைத்து இங்கே குடியமர்த்தினார். நாஞ்சில் நாட்டிலிருந்து நெல் வந்தது. தமிழ் வணிகரும் முஸ்லிம் வணிகரும் பிறரும் அடுத்தடுத்துக் கடைகள் வைத்தனர். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டை ஒட்டி இன்னொரு வீடு.

அன்று அது ஊரின் எல்லை. கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களுக்குச் சாலை 'வெளியே' இருந்தது. இன்றோ நகரம் எல்லாத் திசைகளிலும் பரந்து, சாலை அதன் நடுவில் அமைந்துவிட்டது. இடம் நகரவில்லை, நகரத்தைப் பற்றிய எண்ணம் நகர்ந்தது. எது ஊர், எது புறம்பு என்பதை மண் தீர்மானிப்பதில்லை, மனமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

'யாருக்கும் தொந்தரவில்லை'

இன்று புதிய எல்லைகள் தோன்றியுள்ளன. 1990இல் டெக்னோபார்க் நிறுவப்பட்ட பின்னர் கழக்கூட்டம் பக்கமும், கரமனை ஆற்றைக் கடந்து நேமம் பக்கமும், மேற்கொண்டு மலையின்கீழ், பேயாடு வரையிலும் குடியிருப்புகள் பெருகியுள்ளன. தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் இருந்த இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. சென்னைக்குத் தாம்பரத்தைத் தாண்டியும், கோவைக்குச் சரவணம்பட்டியைச் சூழ்ந்தும் நிகழ்ந்தது இதுவே. இந்தியாவின் எந்த நகரத்தில் வாழும் வாசகருக்கும் இக்காட்சி புதிதல்ல.

இத்தகைய புறநகரில் வீடு கட்டிக் குடியேறிய ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பார்ப்போம். நேர்மையாக உழைத்துப் பொருள் ஈட்டியவர். வங்கிக் கடனை ஒழுங்காகச் செலுத்துபவர். காலையும் மாலையும் பூஜை அறையில் விளக்கேற்றுபவர். வீட்டைச் சுற்றி ஆளுயர மதில் எழுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டில் இருப்பவரின் பெயர் அவருக்குத் தெரியாது. கேட்டால், "நான் யார் வம்புக்கும் போவதில்லை, என்னால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை" என்பார்.

இவர் தீயவரா? இல்லை. அப்படியானால் இவரிடம் குறை ஏதேனும் உண்டா? அறநெறியில் இது சிறிய கேள்வி அல்ல. பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதே ஒருவனுக்குப் போதுமான அறமா, அல்லது அருகில் வாழ்கிறவர் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

தனிமையை நாடுவது குற்றம் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 'மனோன்மணீயம்' நாடகத்தை 1891இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அவர் வாழ்ந்தது நகரின் ஓரத்தில், பேரூர்க்கடையில். தம் ஆசிரியரான ஹார்வி அவர்களின் நினைவாக அவ்விடத்திற்கு 'ஹார்விபுரம்' என்று பெயரிட்டார். ஊரின் சந்தடியிலிருந்து ஒதுங்கிய அவர் மக்களிடமிருந்து ஒதுங்கிவிடவில்லை. அமைதியில் விளைந்த அறிவை நூல்களாகவும் கல்வெட்டு ஆய்வுகளாகவும் நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆகவே கேள்வி, ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பது அன்று. விலகி வசிப்பவர் தம் பொறுப்பிலிருந்தும் விலகிவிடுகிறாரா என்பதே.

இன்னொரு சாலை

நம் குடும்பத் தலைவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்போம். என்னால் யாருக்கும் தொந்தரவில்லை என்கிறார். அது உண்மையா?

திருவனந்தபுரத்திற்கு அருகே விளப்பில்சாலை என்று ஒரு கிராமம் உண்டு. இதன் பெயரிலும் ஒரு சாலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மாநகரின் குப்பையை உரமாக்கும் ஆலை ஒன்று அங்கே இயங்கத் தொடங்கியது. சாலைக் கடைத்தெருவின் அழுகிய காய்கறியும், அலுவலகங்களின் கழிவும், பூஜைக்குப் பின் வாடிய மலரும் லாரிகளில் அவ்வூருக்குச் சென்றன. காலப்போக்கில் ஆலையால் தாங்கக்கூடிய அளவை மீறிக் குப்பை குவிந்தது. மலையாய் நின்ற கழிவிலிருந்து கசிந்த நீர் ஓடையில் கலந்தது. துர்நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. அவ்வூரார் பல ஆண்டுகள் முறையிட்டனர்.

2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்து அந்த ஆலையின் வாயிலைப் பூட்டியது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. 2012இல் போலீஸ் பாதுகாப்புடன் வாகனங்கள் வந்தபோது, ஆண்களும் பெண்களும் பெருந்திரளாகத் திரண்டு வழியை மறித்தனர். ஆலை மீண்டும் இயங்கவில்லை.

அந்த நாட்களில்தான் நகரவாசிகள் தங்கள் குப்பையை முதன்முறையாகப் பார்த்தனர் எனலாம். வாசலில் வைத்த பை மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தது. அதற்கு முன்னும் குப்பை இருந்தது. அது கண்ணில் படாத இடத்தில், வேறொருவரின் வாசலில் இருந்தது. "என்னால் யாருக்கும் தொந்தரவில்லை" என்று மனச்சான்றுடன் சொல்லிவந்த ஆயிரக்கணக்கான நல்லவர்கள், தாங்கள் அறியாமலேயே ஒரு கிராமத்தின் மூச்சுக்காற்றைக் கெடுத்துவந்தனர்.

அறியாமல் செய்ததைக் குற்றம் என்பது முறையா என்று சிலர் கேட்கலாம். அறிய வாய்ப்பே இல்லாத அறியாமை வேறு. அறிய விரும்பாத அறியாமை வேறு. குப்பை லாரி எங்கே போகிறது என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பது நமக்கு வசதியாக இருக்கிறது, அதனால் கேட்பதில்லை. வேதாந்தம் அவித்தையைப் பந்தத்தின் மூலம் என்கிறது. நிலைத்த பொருளை அறியாதது மட்டுமன்றி, பொய்யான ஒன்றை உண்மை என்று பற்றிக்கொண்டிருப்பதும் அவித்தையே. 'என் உலகம் என் மதிலோடு முடிகிறது' என்பது அத்தகைய ஒரு பொய்.

விளப்பில்சாலை மூடப்பட்ட பின்னர் திருவனந்தபுரம் வேறு வழி கண்டது. வீட்டுக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் தொட்டிகள் வந்தன. தெருக்களில் பொது உரக்கூடங்கள் அமைந்தன. மக்காத கழிவைப் பெண்கள் குழுக்கள் வீடு வீடாகச் சென்று சேகரிக்கின்றன. ஒரு கிராமம் கதவை அடைத்ததால் ஒரு நகரம் தன் பொறுப்பைக் கற்றுக்கொண்டது.

ஆயினும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியாகச் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் அடைத்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி நீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரு நாட்கள் தேடிய பின்னர், நகரின் நடுவிலேயே தகரப்பறம்பு அருகே அவரது உடல் கிடைத்தது. அந்தத் தோட்டில் குப்பையை எறிந்தவர் எவரும் கொலைகாரர் அல்லர். ஒவ்வொருவரும் ஒரு சிறு பையைத்தான் எறிந்தனர். ஒவ்வொருவரும் தம்மால் யாருக்கும் தொந்தரவில்லை என்றுதான் எண்ணியிருப்பர்.

ஏன் அக்கறை கொள்ள வேண்டும்?

அருகில் வாழ்பவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றால், அதன் காரணம் என்ன? மூன்று விடைகள் பொதுவாகக் கூறப்படும்.

முதல் விடை சட்டம். அபராதத்திற்கும் தண்டனைக்கும் அஞ்சி மனிதன் ஒழுங்காக நடப்பான். இது தேவையே. ஆனால் காவலர் பார்க்காத இரவில் தோட்டில் பை விழுகிறது. அச்சத்தால் வரும் ஒழுக்கம் வெளிச்சம் உள்ளவரை மட்டுமே நிற்கும்.

இரண்டாவது விடை பரஸ்பர நன்மை. இன்று நான் உதவினால் நாளை அவர் உதவுவார். குடியிருப்போர் சங்கங்கள் பலவும் இந்த அடிப்படையில் நன்றாகவே இயங்குகின்றன. தெருவிளக்கு, குடிநீர், திருட்டுக் காவல் ஆகியவற்றை அவை கவனிக்கின்றன; அவற்றின் பணி பாராட்டத்தக்கது. எனினும் இந்த விடை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பதிலுக்கு எதையும் கொடுக்க இயலாதவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? விளப்பில்சாலை நகரத்திற்கு என்ன பதில் உதவி செய்ய முடிந்தது? தெருவைப் பெருக்க வரும் பெண்மணி எந்தச் சங்கத்தின் உறுப்பினர்? கொடுக்கல் வாங்கல் கணக்கில் எளியவரின் பெயர் ஏறுவதே இல்லை.

மூன்றாவது விடை வேதாந்தத்தினுடையது. ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியரான பால் டாய்சன் 1893 பிப்ரவரியில் பம்பாயில் ஆற்றிய உரையில் இதை எடுத்துரைத்தார். அயலாரைத் தன்னைப் போலவே நேசிக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ மறை வழங்கும் உயர்ந்த கட்டளை. ஆனால் இன்பமும் துன்பமும் என்னுள் மட்டுமே உணரப்படும்போது, நான் ஏன் அப்படி நேசிக்க வேண்டும்? அதற்கான காரணத்தை உபநிடதத்தின் 'தத்துவமஸி' தருகிறது என்றார் அவர். அயலார் வேறு, நான் வேறு என்பது தோற்றம். உள்ளே இருப்பது ஒன்றே. ஆகவே அயலாருக்குச் செய்யும் தீங்கு, செய்பவர் தமக்கே இழைத்துக்கொள்ளும் தீங்காகிறது.

இந்த விடை ஒன்றுதான் எளியவரையும் கணக்கில் சேர்க்கிறது. அவர் என்ன திருப்பித் தருவார் என்று அது கேட்பதில்லை. அவர் யார் என்று மட்டும் கேட்கிறது.

கடினமான ஒரு மறுப்பு

இங்கே நேர்மையான வாசகர் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். ஏகத்துவத்தை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்த நாட்டில்தானே தீண்டாமை தழைத்தது? வேதாந்தம் பேசிய அதே நாவுகள்தானே 'விலகிப் போ' என்றும் கூவின?

மறுப்பு உண்மையானது, அதை மழுப்பக் கூடாது. டாய்சன் பம்பாயில் பேசிய அதே 1893ஆம் ஆண்டில்தான், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். பாதையில் நடப்பதற்கே ஒரு மனிதர் போராட வேண்டியிருந்தது. 1924-25இல் நடந்த வைக்கம் சத்தியாகிரகம் கோயிலுக்குள் நுழைவதற்கானது அன்று. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்கானது. தமிழகத்திலிருந்து சென்று பெரியார் ஈ.வெ.ரா. அதில் சிறைப்பட்டார். அப்போராட்டத்தின் முடிவிலும் எல்லாத் தெருக்களும் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பின்னரே கோயில்களும் அவற்றின் வழிகளும் யாவருக்கும் உரியவை ஆயின.

இதே கேரள மண்ணில், காலடியில் பிறந்தவர் ஆதிசங்கரர். காசியின் குறுகிய தெருவில் நாய்களுடன் எதிரே வந்த ஒரு புலையனை அவர் விலகச் சொன்னதாகவும், 'எது எதிலிருந்து விலக வேண்டும்? உடலிலிருந்து உடலா, ஆன்மாவிலிருந்து ஆன்மாவா?' என்ற பொருளில் அப்புலையன் திருப்பிக் கேட்டதாகவும், அக்கணமே ஆசாரியர் அவரைக் குருவென்று வணங்கியதாகவும் மரபு கூறுகிறது. கதையின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். தத்துவத்தை அறிந்திருந்தவர் ஆசாரியர். அதைக் குறுகிய ஒரு தெருவில் செயலாக்க வேண்டிய கணத்தில், எதிரே நின்றவர்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. நூலில் கற்ற ஒருமை தெருவில் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் நம் சமுதாயம் நெடுங்காலம் தோற்றது. தோற்றது தத்துவம் அன்று. அதைத் தெருவுக்குக் கொண்டுவராத மனிதர்கள்.

சுவாமி விவேகானந்தர் 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்தபோது பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கினார். கொச்சியிலிருந்து அவருக்கு வழித்துணையாக வந்தவர் ஒரு முஸ்லிம் பணியாளர். முந்திய இரு நாட்களாகச் சுவாமிஜி சிறிது பாலைத் தவிர எதுவும் உட்கொண்டிருக்கவில்லை. ஆயினும் தம்முடன் வந்தவருக்கு உணவு ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொண்டு, அது முடிந்த பின்னரே தம் உணவைப் பற்றி எண்ணினார் என்று சுந்தரராம ஐயர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவ்வீட்டில் அவர் பின்னர் எத்தனையோ தத்துவ விவாதங்கள் நிகழ்த்தினார். எனினும் வேதாந்தத்தின் முதல் பாடம் வாசலிலேயே முடிந்துவிட்டது.

மூன்று செங்கற்கள்

இந்த ஒருமையைச் செயலில் காட்டும் சில வழக்கங்களைச் சாலையும் சுற்றுப்புறமும் இன்றும் பேணிவருகின்றன.

நவராத்திரி நெருங்கும்போது, பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கின்றனர். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அமர்கிறாள். முருகன் சாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலில் தங்குகிறார். நங்கை செந்திட்டைக் கோயிலில். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறி, அம்மூவரின் ஊர்களும் தமிழகத்தில் சேர்ந்தன. ஆனால் யாத்திரை நிற்கவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தெய்வத்தை ஆரியசாலை மக்கள் இன்றும் தங்கள் தெருவின் விருந்தினராக வரவேற்கின்றனர்.

மாசி மாதத்தை ஒட்டி வரும் ஆற்றுக்கால் பொங்கல் இன்னும் வியப்பானது. ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியாகவே மக்கள் வழிபடுகின்றனர். கிள்ளியாற்றங்கரையில் தனியே நின்ற ஒரு சிறுமி ஆற்றைக் கடக்க உதவுமாறு முல்லுவீட்டுக் குடும்பப் பெரியவர் ஒருவரிடம் கேட்டாள். அவர் அவளை வீட்டுக்கு அழைத்துச் சென்று உபசரிக்க முனைந்தார். அவள் மறைந்து, பின்னர் கனவில் தன்னை யாரென்று உணர்த்தினாள் என்பது தல வரலாறு. அறியாத சிறுமியை வீட்டுக்கு அழைத்த ஒரு செயலிலிருந்து அந்தக் கோயில் பிறந்தது.

பொங்கல் நாளில் நகரமெங்கும் லட்சக்கணக்கான பெண்கள் மூன்று செங்கற்களை வைத்து அடுப்பு மூட்டுகின்றனர். 1997இல் 15 லட்சம் பேரும் 2009இல் 25 லட்சம் பேரும் கூடியதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. சாலையிலும் சந்துகளிலும் எவர் வீட்டு வாசலிலும் எவரும் அடுப்பு வைக்கலாம். மதில் கதவுகள் திறக்கின்றன. யாரென்று கேட்காமல் தண்ணீர் கொடுக்கின்றனர், குளியலறையைத் திறந்துவிடுகின்றனர். பிற மதத்தவரும் தங்கள் வளாகங்களில் இடம் தருகின்றனர். அண்மை ஆண்டுகளில், பொங்கல் முடிந்தபின் எஞ்சிய செங்கற்களை மாநகராட்சி சேகரித்து, வீடற்ற ஏழைகளின் வீடுகளுக்குப் பயன்படுத்தும் முயற்சியும் நடைபெறுகிறது. அம்மனுக்கு அடுப்பாக இருந்த கல், ஓர் அயலாரின் சுவராகிறது.

நம் குடும்பத் தலைவரும் அன்று தம் கதவைத் திறப்பார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்தப் பிரதிபலனையும் அவர் எதிர்பார்க்கவில்லை. வந்திருப்பவளிடம் தேவியைக் காண்கிறார், அதனால் திறக்கிறார். அப்படியானால் அந்தப் பார்வை அவருக்கு இயலாதது அன்று. ஆண்டில் ஒரு நாள் இயல்வது மற்ற நாட்களில் ஏன் இயலவில்லை என்பதே அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

சாலைத் தெருவில் நெடுங்காலம் கடை நடத்தியபடியே தமிழில் எழுதிய ஆ. மாதவன், 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 2021 ஜனவரியில் மறைந்தார். 'கடைத்தெருக் கதைகள்' முதலிய அவரது படைப்புகளில் சுமைகூலிகளும், சிறு வியாபாரிகளும், ஊர் ஒதுக்கிய மனிதர்களும் வாழ்கின்றனர். அவர்கள் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள் அல்லர். அவர் கடைமுன் அன்றாடம் நடந்தவர்கள். ஆயிரம் பேர் அதே மனிதர்களைப் பார்க்காமல் கடந்தனர். அவர் பார்த்தார். அயலாருக்கு நாம் செலுத்த வேண்டிய முதல் கடன் இதுவே: அவரைப் பார்ப்பது.

இல்லறத்தானின் கடமைகளைக் கூறும் திருவள்ளுவர் விருந்தோம்பலையும் அவற்றில் ஒன்றாக வைத்தார். விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். அவ்வகையில் புறநகரில் குடியேறிய ஒவ்வொருவரும் அடுத்த வீட்டாருக்கு விருந்தினர்தாம். நம் சாத்திரங்கள் விதித்த ஐவகை வேள்விகளில் மனிதர்க்குச் செய்வதும், பிற உயிர்களுக்குச் செய்வதும் அடங்கும். பூஜை அறையில் ஏற்றும் விளக்கு இந்த இரு வேள்விகளுக்கு மாற்று ஆகாது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. நம் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று அறிந்துகொள்ளலாம். அதை நம் மனைக்குள்ளேயே மண்ணாக்கலாம். இரு பக்கத்து வீடுகளில் இருப்போரின் பெயரையும், அவர்களுள் முதியவர் எவரேனும் தனித்திருக்கிறாரா என்பதையும் தெரிந்துகொள்ளலாம். தெருவைப் பெருக்குபவருக்கு வெயில் நேரத்தில் ஒரு குவளை நீர் தரலாம். தரும்போது அவர் பெயரைக் கேட்கலாம். மதிலை இடிக்க வேண்டியதில்லை. கதவு என்று ஒன்றும் அதில் இருப்பதை நாள்தோறும் நினைத்தால் போதும்.

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று தினமும் பிரார்த்திக்கிறோம். எங்கும் என்பதில் அடுத்த வீடும் அடங்கும்.